பாடைச் சுழி

பின்பக்கமாகப் போகாதீர்கள். உதைக்கமாட்டாள், இருந்தாலும் போகாதீர்கள். இப்படி என் பக்கம் வந்து நில்லுங்கள். கையைக் கொடுங்கள். முதுகின் மேல், சேணம் உட்காருகிற இடத்தில் விரலை வையுங்கள். முடி சுற்றிக்கொண்டு போவது தெரிகிறதா? அது ஒன்று. இப்போது முதுகெலும்பைத் தாண்டி அந்தப் பக்கம். நேர் எதிரே. அது இன்னொன்று. பாடைக்கு இரண்டு பக்கமும் நீளமாக மூங்கில் வைத்துக் கட்டுவார்கள் அல்லவா, அந்த மாதிரி. அதனால்தான் பாடைச் சுழி என்று பெயர்.

நான் மறைக்கவில்லை. வந்ததும் வராததுமாகக் காட்டிவிட்டேன். உங்களுக்கு முன்னால் இந்தக் குதிரையை வாங்க வந்தவர்களுக்கும் இப்படித்தான் காட்டினேன். ஒருவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் போய்விட்டார். இன்னொருவர் குடித்த டீயைப் பாதியில் வைத்துவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஊட்டிப் பக்கம் கூடாரம் போட்டு, லீவுக்கு வருகிறவர்களைக் குதிரையில் ஏற்றிக் காட்டுவழியில் கூட்டிப்போகிற தொழில் உங்களுக்கு. சுழியெல்லாம் பார்த்தால் பிழைக்க முடியாது என்று போனிலேயே சொன்னீர்கள். சரிதான். ஆனால் நான் சொல்லித்தான் கொடுப்பேன். சொல்லாமல் ஒருதரம் கொடுத்தாயிற்று.

என் தொழில் சீட் தைப்பது. கோபி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. லாரி சீட், கார் சீட், எது வந்தாலும் தைப்பேன். ஆடி மாதம் அந்தியூர்ச் சந்தையில் மட்டும் நான் வேறு ஆள். குருநாதசாமி பண்டிகைக்குக் குதிரைகள் வந்து இறங்கினதும், வாங்க வருகிறவர்கள் எனக்குத்தான் போன் செய்வார்கள். "வையாபுரியண்ணா, சித்தெ வந்து சுழி பாத்துச் சொல்லிட்டுப் போங்ணா." போவேன். நெற்றி, தொண்டை, மார்பு, அடிவயிறு என்று தடவிக்கொண்டே வருவேன். ஒருநாளும் தப்பியதில்லை. ஒரு டீ வாங்கிக் குடிப்பேன், அவ்வளவுதான்.

அப்படிப்பட்டவன் ஏமாந்தேன். தொண்டையில் பாருங்கள், இந்தச் சுழிக்குத் தேவமணி என்று பெயர். தேவமணி இருந்தால் உடம்பில் இருக்கிற மற்ற கெட்ட சுழியெல்லாம் அடங்கிவிடும் என்பார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறொன்றும் கண்ணில் படவில்லை. இவளை விற்றவன் முதுகை மொட்டையாக மழித்து மஞ்சளும் வேப்பெண்ணெயும் பூசி வைத்திருந்தான். "படை வந்துச்சுங்க, மழிச்சு மருந்து போட்டிருக்குதுங்க" என்றான். நான் சுழி பார்க்கிறவன் என்று சந்தை முழுக்கத் தெரியும். முடி இல்லாத இடத்தில் சுழியை எப்படிப் பார்ப்பது? வீட்டுக்காரி அருக்காணி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறாள். "ஊருக்கே சுழி பாக்கறவருக்கு மொட்டை அடிச்சு உட்டுட்டான்" என்று. மொட்டை குதிரைக்கு அடித்ததா எனக்கு அடித்ததா என்று அவளிடம் கேட்டுக்கொள்வதில்லை.

சென்னியப்பனைச் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டாளி. மஞ்சள் மண்டி வைத்திருக்கிறான். உறவு ஒன்றும் கிடையாது, ஆனால் அவன் என்னை மாப்ள என்பான், நான் மச்சான் என்பேன். அவன் பெண் கோகிலவாணிக்கு நான் மாமா. எங்கள் இரண்டு வீட்டுக்கும் குதிரைதான் பைத்தியம். சிலருக்குச் சீட்டு, சிலருக்குச் சினிமா. எங்களுக்கு இது.

போன ஆடியில் இவளை வாங்கினதும் கோகிலாதான் ஆரம்பித்தாள். போலீஸ் எஸ்.ஐ. பரீட்சையில் எழுத்து பாஸாகிவிட்டாள். அடுத்தது ஓட்டம், தாண்டல், அதெல்லாம். தினமும் விடிகாலையில் தடப்பள்ளி வாய்க்கால் கரையில் ஓடுவாள். அவள் ஓடுவதைப் பார்த்துக் கரையில் துணி துவைக்கிறவர்கள் கையை நிறுத்திவிடுவார்கள், அப்படி ஒரு ஓட்டம். "செலக்சன் ஆயிட்டன்னா அப்பறம் எங்க மாமா லீவு? அதுக்குள்ள எல்லாருமா குதிரைல ஒருக்கா மலைக்குப் போயிட்டு வந்துரலாம்" என்றாள். பர்கூர் மலையில், தாமரைக்கரைக்கு அப்பால், சென்னியப்பனுக்குத் தெரிந்த ஒருவர் தோட்டம் இருக்கிறது. அங்கே கூடாரம் போட்டுக்கொள்ளலாம், சுற்றுவட்டாரத்தில் சவாரி போகலாம் என்று முடிவாயிற்று. சென்னியப்பன், நான், கோகிலா, என் பையன் தினகரன். நாலு ஆள், நாலு குதிரை.

ஏற்பாடெல்லாம் என்னுடையது. நீங்கள் அதே தொழிலில் இருக்கிறீர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும். நாலு குதிரைக்கும் லாடம் மாற்றினேன். புது லாடத்தோடு பாறையில் ஏற்றினால் வழுக்கும், அதனால் முன்கூட்டியே அடித்து ரோட்டில் நடத்தித் தேய்த்தேன். கொள்ளையும் தவிட்டையும் வேளைக்கு ஒரு பை என்று பிரித்துக் கட்டினேன். மலையில் தரையில் கொட்டினால் மண்ணோடு தின்று வயிறு உப்பிக்கொள்ளும் என்று, வாயில் மாட்டிவிடுகிற பை தைத்தேன். கூடாரத்துக்கு லாரித் தார்ப்பாயை வெட்டி ஓரம் அடித்தேன். அதை நிறுத்துவதற்கு நல்ல கெட்டி மூங்கில். மரத்துக்கு மரம் கயிறு இழுத்து அதில் குதிரைகளைக் கட்டினால் ஒன்றையொன்று கடிக்காமல் எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று வீட்டு வேப்பமரத்திலேயே கட்டிப் பார்த்தேன். அருக்காணி வந்து பார்த்துவிட்டு, "என்னையக் கட்டிக் கூட்டியாந்தப்பக்கூட இத்தனை ஏற்பாடு பண்ணலீங்க" என்றாள்.

எல்லாவற்றையும்விட சேணம். அதில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. கடையில் வாங்கின சேணம் எந்தக் குதிரைக்கும் சரியாக உட்காராது. மனுசனுக்குச் செருப்பு மாதிரிதான் அது. அடுத்தவன் செருப்பைப் போட்டுக்கொண்டு அந்தியூர் வரைக்கும் நடந்து பாருங்கள், தெரியும். குதிரை முதுகில் அரிசிமாவைத் தூவி, மேலே கறுப்புத் துணியைப் போட்டு, சேணத்தை வைத்து ஆளை ஏற்றி இறக்கி, துணியில் மாவு எங்கே அழுத்தமாக ஒட்டியிருக்கிறது என்று பார்ப்பேன். அந்த இடத்தில் பஞ்சைக் குறைப்பேன். ஒட்டாத இடத்தில் கூட்டுவேன். பிரிப்பேன், தைப்பேன், பிரிப்பேன், தைப்பேன். ராத்திரி கடையைச் சாத்தின பிறகும் அதே வேலைதான்.

இவள் முதுகு கயிற்றுக்கட்டில் மாதிரி அகலம். எங்கள் வீட்டில் இன்னொன்று இருக்கிறது, கறுப்பு ஆண்குதிரை. அது முதுகு கூரை முகடு மாதிரி ஒடுங்கினது. இவளுக்கு நீல ரெக்சினில் அகலமாகத் தைத்தேன். கறுப்புக்கு மெரூன் ரெக்சினில், ஒடுக்கமாக. ஒரு பஸ்ஸுக்கு வாங்கினதில் மிச்சம். நீலம் தினகரனுக்கு, மெரூன் கோகிலாவுக்கு. அவரவர் கால் நீளத்துக்கு பாதத்தை ஊன்றுகிற அங்கவடியின் வாரை அளந்து, மாறாதபடி தைத்தே விட்டேன். அவரவர் பை, தண்ணீர்ப் புட்டி, மழைக்கோட்டு எல்லாம் சேணத்தோடு சேர்த்துத் தொங்குகிற மாதிரி. சென்னியப்பன் வந்து பார்த்துவிட்டு, "மாப்ள, நீ குதிரைக்குப் பண்ணீருக்கற சீட்ட என்ற காருக்குப் பண்ணலியேப்பா" என்றான்.

கிளம்புவதற்கு முதல்நாள் சாயங்காலம் இவளைக் குளிப்பாட்டினேன். மழித்த முடி அதற்குள் வளர்ந்திருந்தது. ஈரத்தில் முடி படிந்ததும் தெரிந்துவிட்டது. முதலில் ஒரு பக்கம். அது இருக்கலாம், ஒன்று தனியாக இருந்தால் பெரிய தோசமில்லை. மறுபக்கம் போகாமல் கொஞ்சநேரம் நின்றுகொண்டிருந்தேன். போனேன். அதுவும் இருந்தது.

ஏன் விட்டுவிட்டுப் போகவில்லை என்று கேட்பீர்கள். நாலு பேருக்கு நாலு குதிரை. ஒன்றை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். பாடைச் சுழிக் குதிரையை வாங்கி வந்திருக்கிறேன் என்று யாரிடம் சொல்வது? சந்தையில் நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? அதுவும் தவிர, சாஸ்திரப்படி பார்த்தால் சுழி, குதிரையை வைத்திருக்கிறவன் வீட்டைத்தான் அடிக்கும். கெட்டதோ நல்லதோ சொந்தக்காரனுக்குத்தான். வேறொருவர் ஏறி ஓட்டினால் அவர்களுக்கு ஒன்றும் கிடையாது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன்.

தினகரன் எங்களுக்கு ஒரே பையன்.

விடியற்காலையில் நான் மாற்றினேன். தினகரனைக் கறுப்பில் ஏறச் சொன்னேன். கோகிலாவுக்கு இவளைக் கொடுத்தேன். "இவ சாதுவா இருக்கறா கண்ணு, மலை ஏறதுக்கு உனக்கு இதுதான் சரி, கறுப்பு கொஞ்சம் முரடு" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே இவள்மேல்தான் கண். "பாத்தியாப்பா, மாமா நல்ல குதிரைய எனக்குக் குடுத்துட்டாரு" என்று சென்னியப்பனிடம் போய்ச் சொன்னாள். வீட்டுக்குள் ஓடி வெல்லம் எடுத்துவந்து இவளுக்கு ஊட்டினாள். நான் கடிவாளத்தைச் சரிசெய்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

அங்கவடியைப் பிரித்துத் தைக்க அப்போது நேரம் எங்கே இருக்கிறது? வெயில் ஏறுவதற்குள் மலையடிவாரம் சேர வேண்டும். பையெல்லாம் கட்டியாகிவிட்டது. அதனால் ஆளோடு சேணமும் போயிற்று. மெரூனை இவள்மேல் வைத்தேன், நீலத்தைக் கறுப்பின்மேல் வைத்தேன். மெரூனுக்கு வார் எட்டவில்லை. இவள் வயிற்றை உப்பிக்கொண்டாள், சில குதிரைகள் அப்படிச் செய்யும். முழங்காலைக் கொடுத்து இழுத்து மாட்டினேன். அப்போதே திரும்பி என் தோளைக் கடிக்க வந்தாள். சாதுவான குதிரை, அதுவரை யாரையும் கடித்ததில்லை. சுழி வேலையைத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே குருநாதசாமி திருநீற்றை இவள் நெற்றியில் வைத்தேன்.

ஏற்றமெல்லாம் ஒன்றுமில்லை. முதல்நாள் தாமரைக்கரை தாண்டித் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். கூடாரம் போட்டோம். சோளக்கதிர் சுட்டுத் தின்றோம். சென்னியப்பன், பெண் எஸ்.ஐ. ஆனதும் முதலில் என் கடைக்கு ரெய்டு வரச் சொல்லப்போவதாகச் சொன்னான். "மாமா கடைல என்ன இருக்குது, பஞ்சும் நூலும்" என்றாள் அவள். "அந்தப் பஞ்சுக்கு அவன் போடற ரேட்டுக்கே உள்ள தள்ளலாஞ் சாமி" என்றான். எல்லாரும் சிரித்தோம். நானும்தான். ஆனால் நான் எங்கே இருந்தாலும் கண் அவள்மேலேயே இருந்தது. பாறையில் ஏறினால் "எறங்கு கண்ணு" என்பேன். அடுப்பருகில் போனால் "தள்ளி உக்காரு" என்பேன். "மாமாவுக்கு என்னமோ ஆயிருச்சு, என்ற அம்மா மாதிரியே பேசறாரு" என்றாள்.

தினகரன்தான் நச்சரித்துக்கொண்டே இருந்தான். சேணம் ஆடுகிறது, இந்தப் பக்கம் சாய்கிறது, முன்னால் குத்துகிறது என்று. கூடாரத்தில் விரிக்கக் கொண்டுபோன ஜமுக்காளத்தை மடித்து அடியில் கொடுத்துக்கொண்டான். செல்லமாக வளர்த்தது தப்பு. கோகிலா ஒரே ஒருமுறைதான் சொன்னாள். "மாமா, சேணம் போடறப்பல்லாம் இவ கடிக்க வர்றா. வார இழுத்தா முனகறா." நான் சொன்னேன், "புது ஆள்னா அப்படித்தான் கண்ணு, போகப்போகச் சரியாயிரும்." வேறு என்ன சொல்வது? உன்னை ஏற்றியிருப்பது பாடைமேல் என்றா சொல்ல முடியும்?

மறுநாள் தோட்டத்திலிருந்து ஓடைக்கு இறங்குகிற வழி. செங்குத்து ஒன்றுமில்லை, மாடு போகிற தடம்தான். இறக்கத்தில் ஆளின் பாரம் முன்னால் சாயும், சேணமும் முன்னால் நெருக்கும், தெரியுமல்லவா. இவள் நின்றுவிட்டாள். காலை ஊன்றிக்கொண்டு, காதை மடக்கிக்கொண்டு, ஒரு அடி எடுத்து வைக்கமாட்டேன் என்று நின்றாள். கோகிலா இறங்கிவிடுகிறேன் என்றாள். சென்னியப்பன் கீழேயிருந்து, "போலீசு, குதிரைக்குப் பயந்தா திருடன எப்படிப் புடிப்பே" என்று கத்தினான். அவன் விளையாட்டுக்குச் சொன்னான். நான் பின்னால் இருந்தேன். என் கையில் ஒரு விளார் இருந்தது. லேசாக ஒன்று வைத்தேன். லேசாகத்தான்.

இவள் முதுகைப் பாம்பு மாதிரி வளைத்துத் துள்ளினாள். ஒரு துள்ளல். அவ்வளவுதான்.

கோகிலா அழவில்லை. பாறையில் உட்கார்ந்திருந்தாள், கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையதோ மாதிரி திரும்பிக் கிடந்தது. கையில் இவள் கடிவாளத்தை விடாமல் பிடித்திருந்தாள். நான் ஓடிப்போனதும் அவள் சொன்ன முதல் வார்த்தை, "மாமா, சேணத்தக் கழட்டுங்க." என்ன கண்ணு, என்ன என்கிறேன். "அவ சேணத்த முதல்ல கழட்டுங்க." அடிபட்டவள் பேச்சு, புத்தி கலங்கிவிட்டது என்று பயந்துபோனேன். தினகரன்தான் கழட்டினான். இவள் உடம்பை உதறிவிட்டு அங்கேயே நின்று புல் மேய்ந்தாள். கல் நெஞ்சக்காரி.

கேளுங்கள், இதைத்தான் சொல்ல வந்தேன். ஜீப் அந்த வழியில் வராது. தோட்டத்துக்கு மேலே தூக்கிக்கொண்டு போக வேண்டும். எப்படித் தூக்குவது? தினகரன் ஓடிப்போய்க் கூடாரத்தைப் பிரித்து இரண்டு மூங்கிலையும் தார்ப்பாயையும் கொண்டுவந்தான். பக்கத்துக்கு ஒரு மூங்கிலாக வைத்துத் தார்ப்பாயைச் சுற்றிக் கட்டினோம். அவளை அதில் படுக்கவைத்தோம். முன்னால் சென்னியப்பனும் தினகரனும், பின்னால் நானும் தோட்டத்து ஆளும். தோளில் மூங்கில் ஏறினதும் எனக்குத் தெரிந்துவிட்டது. நீங்களே இப்போது தடவிப் பார்த்தீர்களே. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த மூங்கிலை நான்தான் பார்த்துப் பார்த்துக் கெட்டியாக வாங்கினேன்.

சென்னியப்பன் முன்னால் போகிறான். அவன் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. "மாப்ள, பாத்து, கல்லு இருக்குது" என்று எனக்கு வழி சொல்லிக்கொண்டே போகிறான்.

முழங்காலில் நரம்பு அறுந்துவிட்டது என்றார்கள். கோயமுத்தூரில் ஆபரேசன். நடக்கலாம், ஓட முடியாது, சம்மணம் போட முடியாது. ஓட்டப் பரீட்சைக்குக் கடிதாசி வந்தபோது படுக்கையில் இருந்தாள். இப்போது தை பிறந்துவிட்டது, வாய்க்கால் கரை வழியாகத்தான் வண்டியில் போகிறாள், வருகிறாள்.

சென்னியப்பன் என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். தினமும் கடைக்கு வருகிறான். டீ குடிக்கிறான். "நம்ம நேரம் மாப்ள, நீ என்ன பண்ணுவ, உன்ற மூஞ்சி ஏன் இப்படிக் கெடக்குது, சோறு திங்கறயா இல்லியா" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறான். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே இருப்பேன். அவன் போன பிறகு பார்த்தால் ஒரு தையல்கூடப் போட்டிருக்கமாட்டேன். கோகிலாவும் அப்படித்தான். ஆஸ்பத்திரியிலேயே சொன்னாள், "குதிரை மேல தப்பில்லீங் மாமா. அவ எவ்வளவு நேரம் பொறுத்துக்கிட்டா." எவ்வளவு பெரிய மனசு பாருங்கள். கால் போனவள் குதிரைக்குப் பரிந்து பேசுகிறாள். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

பரிகாரம் செய்தேன். குருநாதசாமிக்கு மண்குதிரை வைத்தேன். ஒன்றும் அடங்கவில்லை, எனக்குள் அடங்கவில்லை. கடைசியில் இவள் போய்விட்டால் சரியாகிவிடும் என்று தோன்றியது. அருக்காணிக்கு இவளை விற்பதில் இஷ்டமில்லை. "குதிரை போயிட்டாச் சரியாப் போயிருமா" என்கிறாள். அவளுக்குச் சுழி தெரியும், மாற்றிக் கொடுத்தது தெரியும். மொட்டை என்று கேலி செய்கிறவள் இதைப்பற்றி மட்டும் வாயைத் திறக்கமாட்டாள்.

இந்த வெள்ளை முடியைக் கேட்கிறீர்களா? நானே சொல்லலாம் என்றிருந்தேன். வாங்கும்போது இது இல்லை. தோளுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் உள்ளங்கை அகலம் பாருங்கள், செவலை முடிக்கு நடுவில். மலையிலிருந்து வந்தபோது அந்த இடம் ரணமாக இருந்தது. ஆறினதும் முடி வெள்ளையாக முளைத்தது. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று, சுழிக்குக் கொஞ்சம் முன்னால். சுழி தன் அடையாளத்தை வெளியே காட்டிக்கொள்கிறது. இத்தனை வருசம் சுழி பார்த்தவன், இப்படி ஒன்றை நான் கண்டதில்லை. ஏன் இரண்டு பக்கமும் மாறிமாறித் தடவுகிறீர்கள்? இப்போது வலிக்காது.

இருங்கள், சேணம் போட்டுவிடுகிறேன். ஏறிப் பார்க்காமல் எப்படி வாங்குவீர்கள்? இந்த மெரூனையே போடுகிறேன், இதுதான் கோகிலா ஓட்டினது, கைக்குப் பக்கத்தில் இருக்கிறது. காதை மடக்குகிறாள் பாருங்கள். சேணத்தைக் கண்டாலே இப்படித்தான். கறுப்புக்குப் போட்டால் பூனை மாதிரி நிற்கும். ஏய், நில்லு. நில்லுடி. வயிற்றை உப்பிக்கொள்கிறாள். நீங்கள் கடிவாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள், நான் இழுத்து மாட்டிவிடுகிறேன். ம். ஆயிற்று.

வண்டிச் சத்தம் கேட்கிறதா? அவள்தான். இந்நேரத்துக்குத் தினமும் வந்து இவளைப் பார்த்துவிட்டுத்தான் போவாள். நான் ஏன் மாற்றிக் கொடுத்தேன் என்று அவளுக்குத் தெரியாது. சுழி என்ற பேச்சே எடுக்காதீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன், அந்த ஒன்றை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

வா கண்ணு. இவிங்க ஊட்டிப் பக்கம் இருந்து வந்திருக்காங்க. ஆமா, குதிரை பாக்கத்தான். நல்ல எடந்தான் கண்ணு, புல்லு, தண்ணி எல்லாம் இருக்குதாம், வெயிலே இல்லையாம். அவிங்ககிட்ட நெறைய இருக்குதாம், இவளுக்குத் தொணை இருக்கும். உனக்கு எப்பப் பாக்கோணும்னாலும் பஸ் ஏறுனா ஒரே நாள்ல போயிட்டு வந்தர்லாம். நான் கூட்டிப்போறேன். மாமா கூட்டிப்போறேன் சாமி.

நீங்கள் எதுவும் நினைத்துக்கொள்ளாதீர்கள், அவள் அதிகம் பேசமாட்டாள். முன்பெல்லாம் வாய் ஓயாது. லாரி எப்போது வரும் என்றீர்கள்? மதியத்துக்கு மேலே என்றால் நல்லது, நல்ல நேரம் பார்த்து ஏற்றிவிடலாம். கொள்ளு ஒரு மூட்டை தருகிறேன், புதுத் தீவனத்துக்கு ஒரேயடியாக மாற்றாதீர்கள். வெல்லம் கொடுத்தால் சொன்னபடி கேட்பாள், அதை அங்கே எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும்.

கழட்டிட்டயா, அந்த மெரூன இங்க குடு கண்ணு, கனமா இருக்கும், நான் கீழ வெக்கறேன். நீங்கள் கொஞ்சம் பிடியுங்கள், அந்த நீலம், கம்பத்தில் மாட்டியிருக்கிறதே, அதை அவள் ஒருத்தியாகத் தூக்க முடியாது. ஆமாம், அப்படியே, மெதுவாக முதுகில் வையுங்கள். இரண்டு நாள் பழகவிட்டுத்தான் சவாரிக்கு அனுப்ப வேண்டும், குளிர் பழக வேண்டுமல்லவா. வாரை அடிவயிற்றுக்குக் கீழே இந்தப் பக்கம் தள்ளிவிடுங்கள், நான் எடுத்துக் கொடுக்கிறேன். அவளால் குனிய முடியாது.